மேடை நடிகரின் உடம்பு: நடையிலிருந்து ஆட்டம் வரை ஒரு முழு வழிகாட்டி

எங்கள் ஒத்திகைக்கு ஒரு பெண் வந்திருந்தார். பதினோரு வருடம் பரதம் படித்து அரங்கேற்றமும் முடித்தவர். கொடுத்த காட்சி இவ்வளவுதான்: கிணற்றடியிலிருந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்து திண்ணையில் இறக்கி வைக்க வேண்டும். வசனம் கிடையாது. பிளாஸ்டிக் குடம், உள்ளே தண்ணீரும் கிடையாது. அவர் நடந்து வந்தார். முதுகு நிமிர்ந்து, கழுத்து நீண்டு, பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பி, பார்க்க லட்சணமாக இருந்தது. ஆனால் குடம் காலி என்பது கடைசி வரிசைக்கே தெரிந்துவிட்டது.

அடுத்து வந்தவன் மீன் மார்க்கெட்டில் கணக்கு எழுதுகிற பையன். ஆட்டம் எதுவும் கற்றதில்லை. இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, எதிர்க்கையைக் கொஞ்சம் விலக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு வந்தான். தண்ணீர் தளும்புவது எங்களுக்குத் தெரிந்தது. எல்லோரும் கைதட்டினோம். "இன்னொரு தடவை செய்" என்றதும் தடுமாறிப் போனான். எந்தப் பக்கம் ஒடித்தோம், எங்கே மூச்சு விட்டோம் என்பது அவனுக்கே நினைவில்லை. ஐந்தாவது தடவையில் அவன் குடமும் காலியாகிவிட்டது.

அந்தப் பெண்ணின் உடம்பு சொன்னபடி கேட்கும், ஆனால் அதற்கு ஒரு பாஷைதான் தெரியும். இந்தப் பையனின் உடம்பு உண்மை பேசும், ஆனால் கூப்பிட்டால் வராது. மேடைக்கு இரண்டும் வேண்டும். "டான்ஸ் தெரியாதே, நாடகத்தில் சேர்த்துக்கொள்வார்களா" என்று தயங்குகிறவர்களுக்கும், டான்ஸ் நன்றாகத் தெரிந்தும் மேடையில் சாதாரண மனிதராக நிற்கத் தெரியாதவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஒரு வருடக் கணக்கு இது. வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம். அதற்குக் குறைவாக நேரம் கிடைத்தால் படிகளைக் குறைக்காதீர்கள், மாதங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

முதல் படி: தரை

பயிற்சி எது என்று பார்ப்பதற்கு முன் எங்கே என்று பாருங்கள். பெரும்பாலோருக்குக் கிடைப்பது மொட்டைமாடி, கல்யாண மண்டபத்தின் டைல்ஸ் தரை, பள்ளிக்கூட ஹால். மூன்றும் கான்கிரீட். கான்கிரீட்டில் நடக்கலாம், மெதுவாகத் தட்டலாம், குதிக்கக் கூடாது. நான் இருபத்து மூன்று வயதில் ஒரு மொட்டைமாடியில் தினமும் நூறு குதி குதித்தேன். இரண்டே மாதத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி பிடித்து, மாடிப்படி இறங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தேன். குதியும் சுழற்சியும் மண் தரையில்தான். கூத்துக்காரர்கள் விடிய விடிய ஆடிவிட்டு மறுநாளும் ஆட முடிவதற்குக் களத்து மண்ணும் ஒரு காரணம்.

வெறுங்கால் கட்டாயம். கோரைப்பாய் வழுக்கும், வேண்டாம். உடை தொளதொளவென்று இல்லாமல் முட்டி தெரியும்படி இருக்கட்டும். முட்டி எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க முடியாவிட்டால் திருத்தவும் முடியாது.

கண்ணாடி முன் பயிற்சி செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். முதல் மூன்று மாதம் வேண்டாம். கண்ணாடி இருந்தால் கண் அதன் மேலேயே இருக்கும், உடம்பு உள்ளிருந்து என்ன சொல்கிறது என்று கேட்கத் தோன்றாது. வாரத்துக்கு ஒரு முறை போனில் பத்து நிமிடம் வீடியோ எடுத்துப் பார்த்தால் போதும்.

இரண்டாம் படி: சூடேற்றுதல்

இருபது நிமிடம். கணுக்கால், முட்டி, இடுப்பு, முதுகெலும்பு, தோள், கழுத்து, தாடை, கண் என்று கீழிருந்து மேலே போங்கள். முதலில் சுழற்றுவது, வீசுவது, இடத்திலேயே ஓடுவது. நீட்டிப் பிடித்து வைக்கிற பயிற்சிகள் எல்லாம் கடைசியில், உடம்பு நன்றாகச் சூடான பிறகு. குளிர்ந்த தசையை இழுத்துப் பிடித்துவிட்டு நேரே குதிக்கப் போவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கிற தப்பு. தாடையையும் கண்ணையும் விட்டுவிடாதீர்கள். நடனக்காரர்களுக்கும் ஜிம்முக்குப் போகிறவர்களுக்கும் இறுக்கம் ஒளிந்திருக்கிற இடம் பெரும்பாலும் தாடை.

மூன்றாம் படி: நடை

இதற்கு முழுதாக இரண்டு மாதம் கொடுங்கள். அலுப்பாக இருக்கும். இருந்தாலும் இதை முடிக்காமல் அடவுக்கு, அதாவது ஆட்டத்தின் அடிப்படை அசைவுகளுக்குப் போனால் அந்தக் குடம் காலியாகவே இருக்கும்.

உங்கள் பழைய செருப்பை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்திருக்கிறதா, உள் ஓரமா? ஒரு செருப்பு மட்டும் கூடுதலாகத் தேய்ந்திருக்கிறதா? அதுதான் உங்கள் நடை. எந்தப் பாத்திரத்தை ஏற்றாலும் நீங்கள் அறியாமல் அதற்குப் போட்டுவிடும் நடையும் அதுதான். அரசனும் அந்தச் செருப்பில்தான் வருவான், பிச்சைக்காரனும் அந்தச் செருப்பில்தான் வருவான்.

பயிற்சி இப்படி. அறையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நடங்கள். உடம்பில் ஏதாவது ஒரு இடத்தில் கயிறு கட்டி யாரோ முன்னால் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நெற்றி. அடுத்து மார்பு, வயிறு, இடுப்பெலும்பு, முட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம். மார்பால் இழுபடுகிறவன் தானாகவே பஞ்சாயத்துத் தலைவர் ஆகிவிடுவான். நெற்றியால் இழுபடுகிறவனுக்கு எப்போதும் பஸ் கிளம்பிக்கொண்டிருக்கும். முகத்தில் எதுவும் செய்யாதீர்கள், முகம் பின்னால் வரும்.

அப்புறம் விசை. பாரிஸில் 1956-இல் நாடகப் பள்ளி தொடங்கிய ஜாக் லெகாக் உடம்பின் இறுக்கத்தை ஏழு நிலையாகப் பிரித்துக் கற்பித்தார். என் மாணவர்களுக்கு நான் அதை இப்படிச் சொல்வது வழக்கம். ஒன்று, வெயிலில் மயங்கி விழப் போகிறவர். இரண்டு, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடித்து வேட்டியைத் தளர்த்திக்கொண்டவர். மூன்று, வேலைக்கு எவ்வளவு விசை வேண்டுமோ அவ்வளவு மட்டும் செலவழிக்கிறவர். நான்கு, தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பரைப் படிக்க முயல்கிறவர். ஐந்து, பூட்டிய வீட்டுக்குள் சத்தம் கேட்டுக் கதவைத் திறக்கிறவர். ஆறு, எல்லைத் தகராறில் மண்வெட்டியோடு நிற்கிறவர். ஏழு, இறுக்கம் உச்சத்துக்குப் போய் அசையவே முடியாமல் உறைந்தவர்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாக் காட்சியையும் ஐந்தில் நடிப்பார்கள். மூன்றில் நிற்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம். மேடையின் நடுவில் போய் இரண்டு நிமிடம் மூன்றில் நின்று பாருங்கள். கை எங்கே வைப்பது என்று தெரியாமல் போகும். தெரியாமலே நில்லுங்கள், பத்துப் பதினைந்து நாளில் கை அதன் இடத்தில் தொங்கும்.

இந்த இரண்டு மாதமும் வாரத்தில் ஒரு நாள் வெளியே போய் உட்காருங்கள். பஸ் ஸ்டாண்ட், ரேஷன் கடை வரிசை, அரசு ஆஸ்பத்திரி வெளிநோயாளி பிரிவு. ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து எடை எந்தக் காலில், மூச்சு எங்கே, தலை உடம்புக்கு முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள். வீட்டுக்கு வந்து அந்த நடையை நடந்து பாருங்கள். கேலி செய்வதாகத் தோன்றினால் மிகையாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம், பாதியாகக் குறையுங்கள்.

நான்காம் படி: அரைமண்டியும் அடவும்

இப்போது பரதம். நடிகருக்கு பரதம் எதற்கு? முத்திரைக்காக இல்லை, அரைமண்டிக்காக. முட்டியை மடக்கி, பக்கவாட்டில் திறந்து, முதுகை நிமிர்த்தி, உடம்பின் எடையை அடிவயிற்றுக்குக் கீழே இறக்கி வைக்கிற அந்த நிலை. அங்கே இறங்கிவிட்டவர் மேடையில் நின்றால் தள்ள முடியாது. குரலும் தொண்டையை விட்டு இறங்கும்.

முட்டி கால் விரல்களின் நேராகப் போக வேண்டும். பாதத்தை நூற்றெண்பது டிகிரிக்குத் திருப்பிவிட்டு முட்டியை முன்னால் விட்டால் முட்டியின் உள்பக்கம் சீக்கிரமே பழிவாங்கும். உங்கள் இடுப்பு எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவுதான் உங்கள் அரைமண்டி. முப்பது விநாடியில் தொடங்கி வாரத்துக்குப் பத்துப் பத்து விநாடியாகக் கூட்டி இரண்டு நிமிடத்தில் நிறுத்துங்கள். தட்டடவு, நாட்டடவு இரண்டையும் ஒரு நல்ல ஆசிரியரிடம் மூன்று காலத்திலும் கற்றுக்கொள்ளுங்கள். ஒரே அசைவை ஒரு மடங்கு, இரு மடங்கு, நான்கு மடங்கு வேகத்தில் உருக்குலையாமல் செய்வது ஒத்திகை அறையில் பெரிய மூலதனம். "இதையே சீக்கிரம் செய்" என்று இயக்குநர் சொன்னால் பாதிப் பேர் அசைவைச் சுருக்கிவிடுவார்கள். அடவு கற்றவர் சுருக்க மாட்டார்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், பரத ஆசிரியர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. நடிப்புக்காக வருகிறவர் அரங்கேற்றம் வரை போக வேண்டியதில்லை. அடவுகள் சுத்தமாக வந்துவிட்டால் போதும். அதற்கு மேல் போனால் உடம்பு அந்த அழகுக்கே அடிமையாகும், பிறகு அதைக் கழற்றுவதற்குத் தனியாக ஒரு பயிற்சி தேவைப்படும். ஏற்கனவே பத்து வருடம் கற்றவர்கள் பயப்பட வேண்டாம். மூன்றாம் படியின் நடைப் பயிற்சியை இரண்டு மாதத்துக்குப் பதில் நான்கு மாதம் செய்யுங்கள். அந்தக் குடத்துப் பெண் அப்படித்தான் செய்தார்.

ஐந்தாம் படி: தாளம்

தகிட மூன்று. தகதிமி நான்கு. தக தகிட ஐந்து. தகிட தகதிமி ஏழு. தகதிமி தக தகிட ஒன்பது. இந்த ஐந்தும் வாயில் புரளும்வரை சமையல் செய்யும்போதும் வண்டி ஓட்டும்போதும் சொல்லிக்கொண்டிருங்கள்.

அடுத்து நடந்துகொண்டே ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். நான்கு எண்ணிக்கைக்கு ஒரு முறை காலை ஓங்கி வையுங்கள், மூன்று எண்ணிக்கைக்கு ஒரு முறை கைதட்டுங்கள். பன்னிரண்டு முடிந்து மறுபடி ஒன்று வரும்போதுதான் கையும் காலும் ஒன்றாக விழும். முதல் நாள் எல்லோரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார்கள். நான்காம் நாள் வந்துவிடும். வந்த பிறகு இதன் மேல் ஒரு வசனத்தைச் சாதாரணமாகப் பேசிப் பாருங்கள். வசனம் தாளத்தில் ஆடாமல், கால் தாளத்தை விடாமல் இருக்க வேண்டும். இது கைவந்தவர் மேடையில் சண்டை போட்டுக்கொண்டே பேசுவார், படியேறிக்கொண்டே பேசுவார், மூச்சு வாங்காது.

தாளம் பாத்திரத்தையே கொண்டுவரும் என்பதற்கு நல்ல பாடம் ஈழத்து வடமோடிக் கூத்து. வட்டக்களரி என்கிற வட்டமான ஆடுகளத்தில் கூத்தைப் பழக்கிய ஆசானான அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்க, ஒவ்வொரு பாத்திரமும் தனக்கான வரவுத் தாளக்கட்டோடு உள்ளே வரும். ஆள் வாயைத் திறப்பதற்கு முன்பே காலைக் கேட்டு யார் வருகிறார் என்று ஊர் சொல்லிவிடும். 1960-களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்தக் கூத்தைப் படித்த இளைஞர்களின் உடம்பில் ஏற்றி நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். அங்கே மாணவராக ஆடிய சி. மௌனகுரு பிறகு மட்டக்களப்பில் அதை ஒரு நடிகர் பயிற்சியாகவே வளர்த்தார். நீங்களும் உங்கள் பாத்திரத்துக்கு ஒரு வரவுத் தாளம் கட்டுங்கள். யாருக்கும் சொல்ல வேண்டாம். திரைக்குப் பின்னால் நிற்கும்போது அதை உள்ளே ஓட்டிக்கொண்டு நுழையுங்கள்.

ஆறாம் படி: மண்ணின் கலை ஒன்று, ஆழமாக

இங்கே பலர் செய்கிற தப்பு, எல்லாவற்றிலும் ஒரு வாரப் பட்டறை போய்ச் சான்றிதழ் சேர்ப்பது. ஒன்றைப் பிடியுங்கள், ஆறு மாதம் அதிலேயே கிடங்கள். எதைப் பிடிப்பது என்பது உங்கள் உடம்புக்கு எது இல்லை என்பதைப் பொறுத்தது.

கண் அலைபாய்கிறதா, சிலம்பம். நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பு, காலடி வரிசை, சுழற்று. கம்பு சுழலும்போது கம்பைப் பார்த்தால் அடி விழும். எதிராளியைப் பார்த்தபடியே ஓரக்கண்ணால் எல்லாவற்றையும் அறிகிற பழக்கம் வந்துவிடும். மேடையில் சக நடிகரைப் பார்த்தபடியே விளக்கின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

முதுகெலும்பு கட்டை போல இருக்கிறதா, களரிப்பயிற்று. குதிரை, யானை, சிங்கம், பாம்பு என்று விலங்குகளின் வடிவுகளில் முதுகு வளைந்து நிமிரும். நடனக் கலைஞர் சந்திரலேகா 1985-இல் பரதத்தோடு களரியை இணைத்து மேடையேற்றியபோது நடன உலகம் அதிர்ந்தது. புதுச்சேரியை அடுத்து ஆரோவில் பக்கத்தில் வீணாபாணி சாவ்லா உருவாக்கிய ஆதிசக்தி நாடகக் குழுவில் நடிகர் பயிற்சிக்குக் களரியும், கேரளத்தின் சமஸ்கிருத நாடக மரபான கூடியாட்டமும் அடித்தளம். அங்கே மூச்சிலிருந்து உணர்ச்சிக்குப் போகிற வழியைப் பட்டறைகளில் கற்பிக்கிறார்கள்.

கூட்டத்தோடு ஒத்துப் போக வரவில்லையா, பறையாட்டமோ ஒயிலாட்டமோ தேவராட்டமோ. ஒருவர் பிசகினாலும் வரிசை காட்டிக்கொடுத்துவிடும்.

மேடையில் சிறிதாகத் தெரிகிறீர்களா, அப்படியானால் தெருக்கூத்து. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1977-இல் நாடகாசிரியர் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை நவீன நாடகத்துக்கான நடிகரைத் தெருக்கூத்தின் உடம்பிலிருந்து உருவாக்கப் பார்த்தது. செய்யாறு பக்கத்துப் புரிசையின் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானிடம் கற்றார்கள். அங்கே பயின்ற பசுபதியும் கலைராணியும் சினிமாவுக்குப் போன பிறகும் ஒரு சட்டகத்தில் அவர்கள் நிற்கிற விதத்தைப் பாருங்கள், கால் தரையில் ஊன்றியிருக்கும். காஞ்சிபுரம் பக்கம் பெ. ராஜகோபால் 1990-இல் அமைத்த கட்டைக்கூத்துச் சங்கம் (தெருக்கூத்தைக் கட்டைக்கூத்து என்றும் சொல்வார்கள்) பின்னர் குருகுலம் நடத்தியபோது, ஆண்களே ஆடிவந்த கலையில் பெண் பிள்ளைகளும் கட்டை கட்டி ஆடினார்கள்.

கட்டை என்பது மரத்தில் செய்து கண்ணாடிச் சில்லு பதித்த அணிகள். கிரீடம், புஜம், மார்புப் பதக்கம். கட்டிய பிறகு கை இயல்பாகத் தொங்காது, தலை இஷ்டத்துக்குத் திரும்பாது. வேஷமே உங்களைப் பெரிதாக்கிவிடும், அந்தப் பெரிய உடம்பை ஓட்டத் தெரிய வேண்டும். நான் கற்கப் போனபோது இரண்டு மாதம் வெறும் அடவு. மூன்றாம் மாதம் துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வருவதை ஆடிக் காட்டினேன். தாளம் தப்பவில்லை, சுற்றும் சரியாக வந்தது. வாத்தியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "ஆடுறே தம்பி, சரி. ராசா எங்க?"

எனக்கு விளங்கவில்லை. மறுபடி ஆடினேன். அதையே சொன்னார். நான்காம் தடவை தோள்பட்டையில் கை வைத்துக் கீழே அழுத்தினார். "இப்ப சுத்து. சுத்தி முடிச்சா நில்லு. நீ நிக்கவே மாட்டேன்ற." அப்போதுதான் பிடிபட்டது. நான் ஒரு சுற்று முடிந்த உடனே அடுத்த சுற்றுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ராஜா சுற்றி முடித்தால் நிற்பான். அந்த நிற்றலில்தான் சபை அவனைப் பார்க்கும்.

ஆறு மாதம் ஆட முடியாவிட்டாலும் ஒரு முழு இரவாவது உட்கார்ந்து பாருங்கள். இரவு பத்து மணிவாக்கில் தொடங்கி விடியும்வரை. மூன்று மணிக்கு மேல் ஊரே கண்ணயரும்போது கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் உடம்பால் என்ன செய்கிறான் என்று கவனிக்க மறக்காதீர்கள். ஆங்கிகத்துக்கு, அதாவது உடம்பால் நடிப்பதற்கு, அதைவிட நல்ல வகுப்பு இல்லை.

ஏழாம் படி: அசைவின் குணம்

இதுவரை கற்றது அசைவுகள். அசைவுக்கு நிறம் ஏற்றுவதற்கு அசைவை ஆராய்ந்த நடன ஆசிரியர் ருடால்ஃப் லாபான் (1879–1958) கொடுத்த கருவி இன்னும் உலக நாடகப் பள்ளிகளில் புழங்குகிறது. எடை கனமா லேசா, நேரம் சட்டென்றா நிதானமா, திசை நேரா வளைந்தா என்று மூன்று கேள்வி. விடைகளைச் சேர்த்தால் எட்டு வகை வரும். எட்டும் நம் வீட்டிலேயே இருக்கின்றன.

உலக்கை குத்துவது கனம், சட்டென்று, நேர். துவைக்கிற கல்லில் துணியைச் சுழற்றி அடிப்பதும் கனம்தான், சட்டென்றுதான், ஆனால் வளைந்து வருகிறது. முறுக்கு அச்சை அழுத்துவது கனம், நிதானம், நேர். பெட்ஷீட்டைப் பிழிவது கனம், நிதானம், வளைவு. பொட்டு வைப்பது லேசு, சட்டென்று, நேர். சோற்றில் உட்கார வந்த ஈயை விரட்டுவது லேசு, சட்டென்று, வளைவு. வாழையிலையை ஒரே இழுப்பில் துடைப்பது லேசு, நிதானம், நேர். சாம்பிராணிப் புகை காட்டுவது லேசு, நிதானம், வளைவு.

முதலில் வேலைகளை நிஜமாகச் செய்யுங்கள். பிறகு பொருள் இல்லாமல். பிறகு உடம்பு முழுவதாலும். கடைசியில் உடம்பை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும். "சாப்பிட்டியா?" என்ற ஒரே சொல்லை எட்டு விதமாகக் கேட்டுப் பாருங்கள். பொட்டு வைக்கிற மாதிரி கேட்டால் அக்கறை. பெட்ஷீட் பிழிகிற மாதிரி கேட்டால் அந்த வீட்டில் மூன்று நாளாக ஏதோ சரியில்லை என்று கேட்பவருக்குப் புரியும். மீன் மார்க்கெட் பையனுக்கு இந்தப் படியில்தான் விடை கிடைத்தது. குடத்தோடு வந்தபோது கை முறுக்கு அச்சை அழுத்துகிறது, கால் இலை துடைக்கிறது என்று கண்டுபிடித்தான். அதன் பிறகு எத்தனை தடவை கேட்டாலும் தண்ணீர் தளும்பியது.

எட்டாம் படி: எதிர்வாங்கல்

கல்லை முன்னால் எறிய வேண்டுமானால் கை முதலில் பின்னால் போக வேண்டும். உட்காரப் போகிறவர் ஒரு நூல் நிமிர்ந்துவிட்டு உட்கார்ந்தால் அந்த உட்காருதல் அரங்கம் முழுக்கத் தெரியும். 1920-களில் மாஸ்கோவில் நாடக இயக்குநர் மெயர்ஹோல்ட் இதை ஒரு பயிற்சி முறையாகவே வகுத்தார்: முதலில் எதிர்த்திசையில் ஒரு சின்ன வாங்கல், அப்புறம் செயல், அப்புறம் நிறுத்தம். கபடியில் பாடி வருகிறவனைப் பாருங்கள், பாயும் முன் பின்வாங்குவான். ஒரு நாளைக்குப் பத்து சாதாரணச் செயல்களை, டம்ளர் எடுப்பது, கதவைத் தட்டுவது, திரும்பிப் பார்ப்பது, இப்படி மூன்று துண்டாகச் செய்யுங்கள். முதலில் பெரிதாக, பிறகு செய்வது வெளியே தெரியாத அளவுக்குச் சிறிதாக.

ஒன்பதாம் படி: விழுதல், அடித்தல், இழுத்தல்

தனியாகச் செய்யாதீர்கள். பாய் விரித்து, பார்த்துக்கொள்ள ஒருவரை வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

விழும்போது முட்டியை மடக்கி உயரத்தைக் குறைத்து, கெண்டைக்காலின் வெளிப்பக்கம், தொடை, பிட்டத்தின் சதை, முதுகின் ஓரம் என்று வரிசையாகத் தரையைத் தொட வேண்டும். முட்டிச்சில்லு, முழங்கை, வால் எலும்பு, நீட்டிய உள்ளங்கை நான்கும் தரையில் முதலில் படக் கூடாது. மூச்சை வெளியே விட்டுக்கொண்டே விழுங்கள், அடக்கினால் உடம்பு கல்லாகும்.

சண்டைக் காட்சிகளில் ஒரே விதி: வலிப்பதாக நடிக்கிறவர்தான் அசைவை நடத்துவார். துச்சாதனன் திரௌபதியைக் கூந்தலைப் பற்றி இழுக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் முடியைப் பிடிப்பதே இல்லை. மூடிய கைமுட்டியை அவள் தலை மேல் வைக்கிறான். அவள் இரண்டு கையாலும் அவன் மணிக்கட்டைப் பற்றித் தன் தலையோடு அழுத்திக்கொள்கிறாள். அவள் நகர, அவன் பின்தொடர்கிறான். சபைக்கு அவன் இழுப்பதாகவே தெரியும். யார் யாரை எங்கே தொடலாம் என்பதை ஒத்திகைக்கு முன்பே வாய்விட்டுப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். "உணர்ச்சி வேகத்தில் ஆகிவிட்டது" என்று சொல்கிற நடிகரோடு நான் மேடையேறுவதில்லை.

வாரக் கணக்கு, வலிக் கணக்கு

முதல் இரண்டு மாதம் நடையும் சூடேற்றலும் மட்டும். மூன்றிலிருந்து ஐந்து மாதம் வரை இரண்டு நாள் அடவு, இரண்டு நாள் தாளம், ஒரு நாள் நடை. ஆறாம் மாதத்திலிருந்து மூன்று நாள் நீங்கள் பிடித்த கலை, ஒரு நாள் லாபானும் எதிர்வாங்கலும், ஒரு நாள் யாராவது ஒருவரோடு சேர்ந்து காட்சி. எந்த நாளிலும் கடைசிப் பத்து நிமிடம் ஒரு பத்தி வசனத்தை அன்றைய அசைவோடு சேர்த்துப் பேசி முடியுங்கள். உடம்பு வகுப்பு தனி, குரல் வகுப்பு தனி என்று பிரித்து வைத்தால் மேடையிலும் பிரிந்தே நிற்கும்.

தசை முழுக்கப் பரவலாக வலித்தால் பரவாயில்லை, இரண்டு நாளில் போய்விடும். மூட்டில் ஒரு புள்ளியில் குத்தினால், வீங்கினால், இரவில் எழுப்பினால் நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். "வலியைத் தாண்டினால்தான் கலை" என்று சொல்கிற ஆசிரியரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம், தப்பில்லை.

எங்கே கற்பது

முழுநேரப் படிப்பு என்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் இயங்கும் நிகழ்கலைப் பள்ளி, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறை, கேரளத்தில் திருச்சூர் நாடகப் பள்ளி. கன்னடம் கற்கத் தயார் என்றால் கர்நாடகத்தில் ஹெக்கோடு கிராமத்து நாடக நிறுவனமான நீநாசம். டெல்லியில் 1959-இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியின் படிப்பு மூன்று வருடம். சிங்கப்பூரில் குவோ பாவ் குன்னும் தி. சசிதரனும் 2000-இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் கூடியாட்டம், ஜப்பானிய நோ, பெய்ஜிங் ஓபரா, ஜாவாவின் வயாங் வோங் என்ற நான்கு நாடக மரபுகளையும் ஒரே மாணவர் கற்கிறார். ஒரு உடம்பு நான்கு மரபுகளுக்குள் போய் வெளியே வந்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசைப்பட்டவர்கள் தொடங்கிய இடம் அது.

வேலையை விட முடியாதவர்களுக்கு உள்ளூர்ச் சிலம்பாட்ட ஆசானும் பக்கத்து ஊர்க் கூத்து வாத்தியாரும் போதும். கூத்து வாத்தியாரிடம் போகும்போது ஆடி மாதத் திருவிழாக் காலத்தில் போகாதீர்கள், அவருக்குத் தூங்கவே நேரம் இருக்காது. சீசன் முடிந்து போங்கள். கட்டணத்தை வெளிப்படையாகப் பேசிக் கொடுங்கள்.

நடிகர் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. நடனத் துணுக்கு தயார் செய்துகொண்டு போவார்கள், அது வீண். "நடந்து காட்டு" என்றுதான் முதலில் சொல்வார்கள். முன்கூட்டியே போய், யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்த அறையையோ மேடையையோ ஒரு முறை நடந்து அளந்துகொள்ளுங்கள். நான் இன்னமும் எந்த ஊருக்குப் போனாலும் முதல் வேலையாக அதைத்தான் செய்கிறேன். குறுக்கே எத்தனை அடி, எந்தப் பலகை முனகுகிறது, ஆணி எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது. போன மாதம் ஒரு கோயில் திடலில் பத்தொன்பது தப்படி வந்தது. குடத்தைத் தூக்கி வர வேண்டிய அந்தப் பெண் பின்னாலேயே வந்து தானும் எண்ணினார். அவருக்கு இருபத்து மூன்று. "அப்ப நாலு மூச்சு கூடுதலா வரும்ண்ணா" என்று சொல்லிவிட்டு, குழாயடிக்குப் போய்க் குடத்தில் பாதி அளவு தண்ணீர் பிடித்து வந்தார்.